பன்னீருக்குப் பதிலாக

டிரம்மில் தண்ணீர் தீர்ந்த நேரத்தில்தான் அவள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

பந்தல் வாசலில் மிஸ்ட் ஃபேன் சுழன்றுகொண்டுதான் இருந்தது. காலையிலிருந்து தண்ணீரைப் புகைபோலத் தூவி, வந்தவர்களையெல்லாம் சிலிர்க்க வைத்த ஃபேன். இப்போது அதிலிருந்து வெறும் அனல் வந்தது.

அவர் வாசலில் நின்றிருந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால்.

உள்ளே அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம். இறங்கி வந்தவள் மூத்தவள், தமயந்தி. தன் விருப்பத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள்.

அவள் போன அன்று, சொந்தமெல்லாம் கூடியிருக்க, அவர் சொன்னார். என் வாய் இனி அவளை வாவென்று அழைக்காது. என் கை அவளுக்குப் பன்னீர் தெளிக்காது.

சொன்னால் சொன்னதுதான். அந்தக் குடும்பத்தில் சொல் பிறழ்ந்தவர் இல்லை.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாண வாசலில் வீட்டுப் பெரியவர் பன்னீர் தெளித்த பிறகுதான் யாரும் உள்ளே அடியெடுத்து வைப்பார்கள். தெளிக்காத வாசலைத் தாண்டுவது, அழையாத வீட்டில் இலை போட்டு உட்காருவதற்குச் சமம்.

நேற்று மனைவி கேட்டாள்.

"நாளைக்கு வாசல்ல பன்னீர்ச் செம்போட யாரு நிக்கப்போறா?"

"யாரும் நிக்க வேண்டாம். ஃபேன்காரன் வாறான். அது தெளிக்கும், எல்லார் மேலயும்."

"எல்லார் மேலயுமா?"

"மிஷினுக்கு ஆள் தெரியுமா என்ன?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அவர் பார்க்காததுபோல இருந்தார்.

ஃபேன்காரன் காலையிலேயே எச்சரித்தான். "விட்டு விட்டு ஓட்டுவோம் அண்ணாச்சி. இந்த வெயிலுக்கு லேசாத் தூவினாலே குளுந்துரும். முழுசாத் திறந்தா பாதித் தண்ணி தரைக்குத்தான் போகும்."

"எங்க வாசல்ல கஞ்சம் பிடிக்கக் கூடாதுடே. முழுசாத் திற."

மூத்தவள் வரும்போது நன்றாக நனைய வேண்டும். அதை அவனிடம் சொல்ல முடியுமா?

முழுசாகத் திறந்தான். தரை சேறானது. விருந்தாளிகளின் வேட்டிக்கரை நனைந்தது. கோவில்பட்டி வெயில் மிச்சத்தைக் குடித்தது.

இப்போது அவள் அந்த ஈரத்தின் ஓரத்தில் நின்றாள்.

ஃபேனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

நெற்றி வியர்த்துக் குங்குமம் கரைந்து இறங்கியது.

ஒரு சொல் போதும். ஒரு தலையசைப்பு போதும்.

பந்தலுக்குள் பேச்சு அடங்கியது. கழுத்துகள் வாசல் பக்கம் நீண்டன. அம்மா உள்ளறையில் மணப்பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் வந்து நிற்பது அவளுக்குத் தெரியாது.

முன்வரிசையிலிருந்து ஒரு பங்காளி குரல் கொடுத்தார். "என்ன அண்ணாச்சி, மிஷினுக்கும் வைராக்கியம் வந்திருச்சா?"

யாரோ சிரித்தார்கள்.

அவருடைய முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"தண்ணி எங்கடே?" என்றார் ஃபேன்காரனிடம். பக்கத்தில் நின்றவனிடம் பேசத் தேவையில்லாத உரத்த குரல்.

"லாரி வந்துக்கிட்டிருக்கு அண்ணாச்சி. இப்ப வந்துரும்."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"யாரை அண்ணாச்சி?"

அவர் தெருமுனையைப் பார்த்தார்.

அவள் பொறுத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். வெயில் அவள் உச்சியில் நின்றது.

சேற்றைத் தாண்டினால் பந்தல். தாண்டவில்லை. அவருடைய மகள்தானே.

தங்கைக்கென்று வாங்கி வந்த பூப்பொட்டலத்தை ஃபேன்காரனிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

திரும்பி நடந்தாள். ஆட்டோ போகாமல் நின்றிருந்தது. இறங்கும்போதே அவள் நிற்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் கூப்பிடவில்லை. உதடுகள் பிரிந்தன, அவ்வளவுதான்.

ஆட்டோ தெருவின் நடுவை எட்டும்போது, எதிரே தண்ணீர் லாரி நுழைந்தது.

குறுகிய தெரு. ஆட்டோ சுவரோரம் ஒதுங்கி நின்றது. லாரி உரசாத குறையாக நகர்ந்தது. அதன் மேல்மூடியிலிருந்து தண்ணீர் தளும்பிப் பக்கவாட்டில் வழிந்தது.

ஆட்டோவிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது.

லாரி முழுவதும் கடந்து போகும்வரை அது அப்படியே இருந்தது.

பிறகு உள்ளே போனது.