அனைவரும் கலந்துகொள்ளுமாறு

இரண்டாவது வடையைக் கைதுடைக்கும் கடதாசியில் சுற்றும்போது அவள் பார்த்துவிட்டாள்.

இறந்தவரின் மகள். வெள்ளைச் சேலை, கையில் தண்ணீர்ப் போத்தல்கள். சற்றுமுன் வாசலில் நின்று அவரைக் கும்பிட்டு உள்ளே விட்டவளும் அவள்தான்.

அவர் வடையைக் கோட்டுப் பைக்குள் வைக்கவும் இல்லை, தட்டில் திரும்பப் போடவும் இல்லை. எழுபத்திரண்டு வயதில், கையும் வடையுமாகப் பிடிபட்டு இருந்தார்.

மண்டபத்தில் இன்னும் நூறு பேராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பத்தோராம் நாள். தேவாரம் முடிந்து, பேச்சுகள் முடிந்து, எங்கும் கத்தரிக்காய்க் குழம்பு வாசம்.

இறந்தவரை அவருக்குத் தெரியாது.

போன கிழமை சாப்பிட்டாரே, அந்த இறந்தவரையும் தெரியாது.

தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகையை எடுத்து அறிவித்தல்களை வாசிப்பார். பெயரை அல்ல. மண்டபம் எங்கே, எந்த பஸ் போகும், எத்தனை மணிக்கு என்று. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: நண்பர்கள் அனைவரும் மதிய போசனத்திலும் கலந்துகொள்ளுமாறு. அனைவரும் என்றுதானே போட்டிருக்கிறார்கள் என்று தனக்குத்தானே வழக்காடுவார். அந்த வழக்கில் அவர் ஒரு நாளும் வென்றதில்லை.

பதினெட்டு வருடம் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். இப்போது பென்ஷன். அதில் வாடகை போய், மனைவியின் கண்மருந்து போனால், மாதத்தின் கடைசிப் பத்து நாளும் வெறும் சோறும் பருப்பும். எட்மன்டனில் இருக்கும் மகன் ஞாயிறுதோறும் போனில் கேட்பான், காசு காணுமா, போதுமா என்று. காணும், காணும் என்று இவர் முந்திக்கொள்வார்.

மனைவிக்கு விஷயம் தெரியாது. இறந்தவர்கள் எல்லோரும் அவருடைய பழைய கூட்டாளிகள் என்று நம்பினாள். நம்பியதோடு விடவில்லை, அவருக்காகத் துக்கமும் பட்டாள்.

“பாவம் நீங்கள். கூட வேலை செய்த சனம் ஒவ்வொண்டாப் போகுதுகள்” என்று இன்று காலையும் அவருடைய கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

அதை நினைத்தால்தான் அவரை வெட்கம் பிடுங்கித் தின்னும்.

மகள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பாவை எப்பிடித் தெரியும், ஐயா?”

வழக்கமாக அவர் நேரத்துக்கு வந்து, பேச்சுகளைக் கவனமாகக் கேட்டு, இறந்தவரின் ஊர், உத்தியோகம் எல்லாம் மனத்தில் பதித்து வைத்துக்கொள்வார். இன்று பனியில் பஸ் பிந்திவிட்டது. வரும்போது நன்றியுரை.

“ஒண்டா வேலை செய்தனாங்கள், பிள்ளை. பாண் பேக்கரியில.”

வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய். நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

அவள் சமையலறைப் பக்கம் போனாள். இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளோடு திரும்பி வந்தாள். பையொன்றில் அவற்றை வைத்து, பக்கத்தில் நினைவு மலரையும் செருகி, அவர் மடியில் வைத்தாள்.

“அப்பா கனடாவுக்கு வந்ததே அறுபத்தெட்டு வயசில, ஐயா. இஞ்ச ஒரு நாளும் வேலைக்குப் போகேல்ல.”

குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

“அவரும் இப்பிடித்தான். தெரியாத ஆக்களின்ர முப்பத்தொண்டுக்குப் போய்ச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். எங்கட மானத்தை வாங்காதேங்கோ எண்டு நான் பேசிப்போட்டன். தனிய இருந்த மனுசன். வாடகை குடுத்த பிறகு கையில என்ன மிஞ்சும் எண்டு ஒரு நாளும் கேக்கேல்ல.”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குத் தண்ணீர் கொண்டுபோனாள்.

அவர் எழுந்து வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வடை கைக்குள்ளேயே நசுங்கிக் கிடந்தது.

பஸ் தரிப்பிடத்தில் பனி முழங்கால் அளவுக்குக் குவிந்திருந்தது. வாங்கில் உட்கார்ந்தார். பெட்டிகளின் சூடு தொடையில் பட்டது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும்போல் இருந்தது. நினைவு மலரை வெளியே எடுத்தார்.

மண்டபத்தில் மாலை போட்டு வைத்திருந்தது ஊரில் எடுத்த படம். கறுத்த மீசையும் டையுமாக யாரோ ஒரு கந்தோர் உத்தியோகத்தர். இங்கே பின்னட்டையில் இருந்ததுதான் கடைசிப் படம். நரைத்த தாடி, ஒட்டிய கன்னம், சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி.

இந்த மனிதரை அவருக்குத் தெரியும்.

பெயர் தெரியாது. இரண்டு மூன்று மண்டபங்களில் கண்டிருக்கிறார். ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

கடைசியாகக் கண்டது ஒக்டோபரில், வேறு யாருடையவோ முப்பத்தொன்றில். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்ற இவரைப் பார்த்து அந்த மனிதர் தூரத்திலிருந்து கை காட்டினார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் வைத்து இடம் பிடித்திருந்தார்.

இவர் காணாத மாதிரிக் கடைசி மேசைக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் ஒரே சாதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே, சாப்பாட்டுக்காகவே வருகிற சாதி என்று.

இருந்தும் மனம் கேட்காமல் ஓரக்கண்ணால் பார்த்தார்.

அந்த மனிதர் தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதிரை கேட்டு வந்த ஒருவரிடம் ஆள் வருவதாகச் சொல்லி அனுப்பினார். பாயாசம் வந்து முடிந்து, மேசைகளை மடிக்கத் தொடங்கும்வரை அந்தத் தொப்பி அங்கேயே இருந்தது.