மாப்பிள்ளை எழுத்து

தான் வரைந்த எழுத்துருவைக் காப்பீட்டு நிறுவனம் வாங்கியதில் வடிவமைப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கோடு தடித்தும் அடுத்த கோடு மயிரிழையாகவும் ஓடும் ஒய்யாரம்!

"நம்ம மாப்பிள்ளை எழுத்து!" என்று மாமனார் கண்ணை மூடிக்கொண்டு பாலிசியில் கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு இதய ஆபரேஷன் ஆனதும் நிறுவனம் கையை விரித்தது. மாப்பிள்ளை மேலாளரிடம் ஓடினார்.

"இதய நோய்க்குக் கிடையாதுன்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கோமே சார்."

பார்த்தார். பொடி எழுத்தில் மயிரிழைகள் மறைந்து, வெறும் குச்சிகள்தான் நின்றன.

"இது தலைப்புக்குன்னு செஞ்ச எழுத்து! இவ்வளவு சின்னதா அடிச்சா யாரு சார் படிப்பாங்க?"

"இருபது எழுத்துரு அடிச்சுப் பார்த்தோம். யாராலயும் படிக்க முடியாதது உங்களோடதுதான்" என்றார் மேலாளர். "அதனாலதானே வாங்கினோம்!"