வளைந்த சிவப்புக் கோடு

என் தந்தை நமசிவாயத்தின் ஓவியம் பாரிஸில் நவீன ஓவியக் கூடமொன்றில் அறுபது ஆண்டுகளாகத் தொங்குகிறது. அதைத் தீட்டியது அவர் இல்லையென்று ஒரு கருவி கண்டுபிடித்ததாம். புதுச்சேரியிலிருந்து நேரில் போய் மறுத்தேன்.

“எங்க குடும்பத்து மானம்மா இது. மெஷின் சொன்னா ஆச்சா?”

“கோவிக்காதேங்கோ ஐயா. நீங்களே பாருங்கோ,” என்றாள் கூடத்தின் காப்பாளர் துஷ்யந்தி, யாழ்ப்பாணத்துப் பெண்.

கருவியை இயக்கினாள். ஒளியாலான கை ஒன்று தோன்றி, அன்று தீட்டியபடியே மறுபடி தீட்டியது. மெலிந்த கை, இரண்டு வளையல். ஒரே இழுப்பில் மீனின் முதுகு எழுந்தது. நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை.

“ஏன் அடிக்கடி நிண்டு நிண்டு கீறுது எண்டுதான் விளங்கேல்லை.”

எனக்கு விளங்கியது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்திருக்கும். அப்பா ஒருநாளும் அடுப்படிக்குள் போனதில்லை.

அடுத்து, உலகமே வியக்கும் அந்தச் சிவப்புக் கோடு. நேராக இறங்கிய கை திடீரென இடப்பக்கம் இழுபட்டது. அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கை, மிகச் சின்னது, தொங்கியது. இழுபட்ட கை தூரிகையைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. அந்த வளைவையே கோடாக்கிக்கொண்டு போனது.

“பேரை மாத்தும்மா. அமிர்தவல்லி, எங்கம்மா. எங்க வீட்டுப் படம் பொய்ப் பேர்ல தொங்கக் கூடாது.”

“இந்தக் கூடத்தில எங்கட நிறத்துப் பொம்பிளை இவதான் முதல், ஐயா.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்தப் பிள்ளை ஆர்?”

“நான்தான். பசிச்சிருக்கும்.”