யார் கணக்கில் டெஸ்ஸா?

"இந்த வருஷம் என் வருஷம், மில்ட். அந்த ஆள் என் பொண்ணைத் திருடிட்டான்."

கோரின் இதைச் சொன்ன வேகத்தில், அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். நல்லவேளை, மில்ட் ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில் இருபது வருஷமாக வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். இது எந்த மாதிரித் திருட்டு என்று அவருக்குத் தெரியும்.

பெண் டெஸ்ஸா பத்திரமாக வெளியே காரில்தான் உட்கார்ந்திருந்தாள், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு. வயது பதினாறு. அவள் காணாமல் போயிருந்தது படிவத்தில்.

விவாகரத்தின்போதே பேசி முடித்த விஷயம் அது. டெஸ்ஸா ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு. 'என்னைச் சார்ந்திருக்கும் பிள்ளை' என்று அவளைப் படிவத்தில் காட்டி வரிச் சலுகை வாங்கிக்கொள்வது ஒரு வருஷம் அம்மா, மறு வருஷம் அப்பா. ஒரு பிள்ளையை ஒருவர்தான் காட்டலாம். அந்தப் பிள்ளையின் அரசாங்க அடையாள நம்பரை வேறு யாராவது முந்திக்கொண்டு போட்டுவிட்டால், அடுத்து வரும் படிவத்தைக் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிடும்.

கோரினின் படிவம் திரும்பி வந்துவிட்டது.

வரவேண்டிய பணத்துக்கு அவள் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் ஒரு சோபா பார்த்து வைத்திருந்தாள். ஆனால் மில்ட்டிடம் சோபாவைப் பற்றி மூச்சு விடவில்லை. தாய்மையைப் பற்றித்தான் பேசினாள். சுமந்து பெற்றது யார், ராத்திரி பகல் பாராமல் வளர்த்தது யார், டெஸ்ஸா எந்த வகுப்பு என்றாவது அவள் அப்பா ராய்ஸுக்குச் சொல்லத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை மதியம் டெஸ்ஸாவை அழைத்துப் போவது ராய்ஸின் முறை. மில்ட்டின் ஆபீசில் இருப்பதாகக் கோரின் செய்தி அனுப்பியிருந்ததால் நேராக அங்கேயே வந்துவிட்டான். கையில் ஒரு காகிதம். அவன் முகமும் சரியாக இல்லை.

"கோரின், நீ செஞ்சது நியாயமே இல்லை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பொண்ணை உன் கணக்குல ஏத்திட்டே."

"என் வருஷம், நான் ஏத்துவேன். ஆனா என் படிவம் திரும்பி வந்துடுச்சு. அது சரி, நீயும் ஏத்தப் போனாத்தானே உன்னுது திரும்பி வந்திருக்கும்? நீ எதுக்குப் போனே?"

ராய்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். எந்த வருஷம் யாருடையது என்பது கொஞ்சம் குழம்பிவிட்டது என்றான். படகுக்குப் புது மோட்டார் பார்த்து வைத்திருப்பதை அவன் சொல்லவில்லை.

அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. இவளும் ஏற்றவில்லை, அவனும் ஏற்றவில்லை. அப்படியானால் யாரோ மூன்றாவது ஆள் டெஸ்ஸாவின் நம்பரைத் திருடியிருக்கிறான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே பக்கம் நின்று, வெளியாள் ஒருவனைச் சேர்ந்து திட்டினார்கள்.

மில்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ராய்ஸின் காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"வெளியாள் யாரும் இல்லை. இந்த நம்பருக்குச் சொந்தக்காரியே தனியா ஃபைல் பண்ணியிருக்கா" என்றார்.

டெஸ்ஸாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. கோடை விடுமுறையில் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தபோது சம்பளத்தில் நாற்பத்தொரு டாலர் வரி பிடித்திருந்தார்கள். அதைத் திரும்பக் கேட்கலாம் என்று கூட வேலை செய்த ஒருத்தி சொன்னாள். ஸ்கூல் பஸ்ஸிலேயே போனில் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன் என்றாள். தன்னிடம் வரும் பெரியவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது என்று மில்ட் நினைத்துக்கொண்டார்.

"அதுல ஒரு கேள்வி இருந்திருக்குமே? வேற யாராவது உன்னைத் தங்களைச் சார்ந்தவளா காட்ட முடியுமான்னு?"

"இருந்துது. 'இல்லை'ன்னு போட்டேன்."

கோரினுக்குச் சுருக்கென்றது. "நான் ஒருத்தி இருக்கேனே டெஸ்ஸா" என்றாள்.

"நானும்தான்" என்றான் ராய்ஸ்.

டெஸ்ஸாவுக்குக் கோபமெல்லாம் இல்லை. வகுப்பில் கணக்குக்கு விடை வந்த வழியைச் சொல்வது போலச் சொன்னாள்.

"நான் நல்லா யோசிச்சுத்தான் போட்டேன். பல்லுக்குக் கம்பி கட்டணும்னு டாக்டர் சொன்னப்ப, அம்மா, நீ அப்பாகிட்ட கேளுன்னே. அப்பா, நீங்க அம்மாகிட்ட கேளுன்னீங்க. ஸ்கூல் டூருக்குக் கையெழுத்து வாங்க ரெண்டு வீட்டுக்கும் மாறி மாறி அலைஞ்சேன், அதுக்குள்ள டூரே போயிட்டு வந்துடுச்சு. போன மாசம் காய்ச்சல் வந்தப்ப, இது யாரோட வாரம்னு நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசி முடிக்கறதுக்குள்ள எனக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு."

கோரின் ராய்ஸைப் பார்த்தாள். ராய்ஸ் தொப்பியைப் பார்த்தான்.

மில்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டம் அதையெல்லாம் கேட்பதில்லை, வருஷத்தில் எத்தனை ராத்திரி யார் வீட்டில் தூங்கினாள் என்றுதான் பார்க்கும் என்று எடுத்துச் சொன்னார். அதனால் அந்தப் பதில் தப்பு, திருத்தி அனுப்பவேண்டும் என்றார்.

"சரி மிஸ்டர் மில்ட், 'ஆமா'ன்னு மாத்திடறேன்" என்றாள் டெஸ்ஸா. போனைத் திறந்து அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"ஆனா, 'வரி சீசன்ல மட்டும்'னு எழுத இதுல எங்கேயும் இடம் இல்லையே?"