ஆபீசரும் மூன்றாம் பக்கமும்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாகிவிட்டது. பழமொழியின் மீதியை யாரும் சொல்லிவிடக் கூடாது. எதிரே நாற்காலியில் நாய்கள் காப்பகத்துப் பெண் உட்கார்ந்திருந்தார்.

இந்த நாய் ஏற்கெனவே இரண்டு வீடுகளில், கண்ட இடத்தில் ஈரம் பண்ணியதற்காக அடிவாங்கித் திரும்பி வந்தவன். இன்னொரு தடவை அப்படி நடக்க விடமாட்டேன், இரண்டு வாரத்தில் பழகினால் உங்களுக்கு, இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லித்தான் கொடுத்தார். இன்று கடைசி நாள். மடியில் சங்கிலி வைத்திருந்தார்.

வந்த அன்று அவன் கால் முளைத்த மிதியடி மாதிரி இருந்தான். சிக்கெடுத்துச் சிக்கெடுத்து என் சீப்பில் பாதிப் பல் போயிற்று. உள்ளே இவ்வளவு சின்ன நாய் இருக்கும் என்று யார் கண்டார்கள்? "முக்கால்வாசி நாயைக் குப்பையில போட்டுட்டியே" என்றார் என் வீட்டுக்காரர்.

பேர் ஆபீசர். பேப்பர் இல்லாமல் எந்தக் காரியமும் செய்யமாட்டான்.

அதிலும் எந்தப் பேப்பரும் ஆகாது. அன்றைய செய்தித்தாள், மூன்றாம் பக்கம். அந்தப் பக்கத்தில்தான் என் வீட்டுக்காரர் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தினமும் 'நிம்மதியாக இருங்கள்' என்று ஒரு பத்தி எழுதுகிறார். மேலே கோட்டுப் போட்ட புகைப்படம். முதல் நாள் அந்தத் தாளை விரித்தேன். ஆபீசர் நேரே கோட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டான். அன்றிலிருந்து அதே பக்கம், அதே இடம். விளையாட்டுப் பக்கத்தை விரித்தால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

வீட்டுக்காரர் இரண்டு நாள் பின்வாசல் பக்கமே வரவில்லை. பிறகு, "நம்ம பக்கத்தைத் தேடி வர்றவன் ஒருத்தனாவது இருக்கானே" என்று தேற்றிக்கொண்டார். அது எனக்கு விழுந்த குத்து. அவர் எழுதியதில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை என்பது எங்கள் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிற கதை.

வழக்கமாக விடிந்ததும் முடிகிற காரியம். இன்று காப்பகத்துப் பெண் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக ஆபீசரை அடக்கி வைத்திருந்தேன். குளிப்பாட்டிய கலவரத்தில் பேப்பரைப் பிரிக்கக்கூட இல்லை.

"சரி, காட்டுங்க" என்றார் அந்தப் பெண்.

பின்வாசல் ஓரமாக மூன்றாம் பக்கத்தை விரித்தேன்.

கோட்டு இல்லை. பத்தி இல்லை. அந்த இடத்தில் ஒரு மெத்தை விளம்பரம் கால்நீட்டிப் படுத்திருந்தது.

ஆபீசர் வந்தான். ஈர உடம்பு நடுங்க, பின்னங்கால்களை இறுக்கிக்கொண்டு நின்றான். சுற்றினான். முனகினான். ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

காப்பகத்துப் பெண் சங்கிலியைக் கையில் எடுத்தார்.

"ஏங்க!" என்று கத்தினேன்.

பாதிச் சவரத்தில், ஒரு கன்னம் நிறைய நுரையோடு ஓடிவந்தார் வீட்டுக்காரர். மெத்தையைப் பார்த்தார். ஆபீசரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நிறுத்திட்டாங்க. போன வாரமே சொல்லிட்டாங்க. உனக்கு எங்க தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் நாயை மறந்துவிட்டார்.

அழ நேரமில்லை. ஆபீசர் ஹாலை நோக்கி இரண்டடி வைத்துவிட்டான்.

"எழுதுங்க" என்றேன்.

"எதை?"

"இன்னைக்கு உள்ளதை. சீக்கிரம், அவனால தாங்க முடியாது."

இத்தனை வருடத்தில் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அவரை இப்படி விரட்டியிருக்கமாட்டார். தரையில் மண்டிபோட்டு, வெள்ளை மெத்தையின் மேல் கொட்டை கொட்டையாக எழுத ஆரம்பித்தார். ஒரு வரியை அடித்தார். தலைப்பு வேண்டுமா என்று கேட்டார். நாய்க்கா என்றேன். ஆனாலும் போட்டார். கோட்டுக்காரர் இருக்க வேண்டிய மூலையில் ஒரு சொட்டு நுரை விழுந்தது. காப்பகத்துப் பெண் எத்தனையோ வீடுகளைப் பார்த்திருப்பார், இப்படி ஒன்றைப் பார்த்திருக்கமாட்டார்.

எழுதி முடித்து ஒதுங்கி நின்றார் வீட்டுக்காரர். ஆபீசர் திரும்பி வந்து முகர்ந்தான். தாளின் மேல் ஏறி நின்றான்.

போகவில்லை.

"அவனுக்கும் பிடிக்கல" என்றார் வீட்டுக்காரர். வேலை போனதைச் சொன்னபோதுகூட அவர் முகம் அப்படித் தொங்கவில்லை.

ஆபீசர் பத்தியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். அதை நாலு பேர் முன்னால், அதுவும் இந்த மனிதர் முன்னால், செய்ய வேண்டிவரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

வேறு வழியில்லை. அவன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். தினமும் காலையில் வீட்டுக்காரர் எழுந்திருப்பதற்கு முன்னால் அவனை வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரியே, தலைப்பில் விரலை வைத்து, ஒரு எழுத்து விடாமல் படித்தேன். மூன்றாவது வரியில் சிரிப்பு வந்தது, சிரித்தேன். கடைசி வரி முடிந்ததும், எப்போதும் சொல்கிற மாதிரி, "ம்... பரவாயில்ல" என்றேன்.

ஆபீசர் காலைத் தூக்கினான்.

காப்பகத்துப் பெண் சங்கிலியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கைதட்டினார். "சார், பாருங்க, என்ன சமத்தா போறான் பாருங்க!"

என் வீட்டுக்காரர் நாயைப் பார்க்கவில்லை.