தனிப் பெரும்பான்மை

கல்யாண மண்டபத்தின் இரும்புக் கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து ஆவுடையப்பனை உள்ளே விட்டார் கான்ஸ்டபிள். பின்னாலேயே சங்கிலி போடும் சத்தம் கேட்டது.

உள்ளே இருந்தவர்கள் அவருடைய ஊர்க்காரர்கள். காலையில் அரிமளம் சாலையில் மறியல் செய்து கைதானவர்கள்.

ஆவுடையப்பன் ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர். இடுப்பில் கட்சிக்கரை வேட்டி, கையில் ஒரு ஃபைல்.

ஃபைலில் ஆளுக்கொரு தாள் இருந்தது. இனிமேல் தைலமரக் காட்டை எதிர்த்து எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். போடாவிட்டால் திருச்சி ஜெயில்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். செங்கமலம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்கண்ணே. ஃபேனுக்கு அடியில உக்காருங்க. வேர்த்து ஊத்துது பாருங்க."

அவளுடைய கிணறு தைலமரக் காட்டை ஒட்டி இருந்தது. அதில் தண்ணீரைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

அவர் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த மரங்களுக்கு எதிராக இந்தப் பக்கத்தில் முதலில் மைக் பிடித்தவரே அவர்தான். கட்சி அப்போது எதிர்க்கட்சி. கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீரைத் தைலமரம் குடிக்கிறது என்று ஊர் ஊராகப் பேசினார். நாங்கள் ஆட்சிக்கு வந்தால் ஒரு மரம் நிற்காது என்று தலைவரையே மேடையில் சொல்ல வைத்தார்.

ஆட்சிக்கு வந்தார்கள். கூட்டணி ஆட்சி. கூட்டணிக்காரர்கள் விட மாட்டேன் என்கிறார்கள் என்று ஊரில் சொன்னார். ஊர் நம்பியது. அவரும் நம்பினார்.

இந்த முறை தனிப் பெரும்பான்மை. கை காட்ட ஆள் இல்லை.

முடிவு வந்த அன்று ஊரே வெடி போட்டது. மூன்றாம் மாதம், காகித ஆலைக்கு விட்ட காட்டின் குத்தகையை இன்னும் முப்பது வருஷத்துக்கு நீட்டி உத்தரவு வந்தது. கட்சிப் பத்திரிகையில் தைலமரக் காட்டுக்குப் 'பசுமைப் பரப்பு' என்று பேர் வைத்திருந்தார்கள். வேறு ஏதோ காட்டைப் பற்றிய செய்தி என்று நினைத்து அவர் அதை இரண்டு முறை படித்தார்.

மாவட்டச் செயலாளரிடம் போய்க் கேட்டார். அவர் கோபப்படவில்லை. டீ சொன்னார்.

"அண்ணே, அன்னைக்கு நாம எதிர்க்கட்சி. இன்னைக்கு கவர்மெண்டே நாமதான். நம்மள எதிர்த்து நாமளே கோஷம் போட முடியுமா?"

டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

மண்டபத்தில் முதல் தாளை இளமதியிடம் கொடுத்தார். பங்காளி மகள். சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம். பத்தாவது படிக்கும்போது அவருடைய பேச்சைக் கேட்டுத்தான் முதல் மறியலுக்கு வந்தவள்.

தாளை முழுக்கப் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"பெரியப்பா, இத நீங்க படிச்சிட்டுத்தான் கொண்டு வந்தீங்களா?"

"கேஸ் விழுந்தா வக்கீலா பதியறது கஷ்டம் ஆத்தா. போட்டுட்டுப் போயிரு."

"அப்ப மரம்?"

"கட்சி பாத்துக்கும்."

மேடையில் பேசும் அதே குரலில்தான் சொன்னார். மண்டபத்தில் அது எடுபடவில்லை.

இளமதி தாளை மடிக்காமல், கசக்காமல் அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவர். பிறகு அடுத்தவர். ஒருவரும் கிழிக்கவில்லை. எல்லாத் தாள்களும் வெறுமையாகத் திரும்பி வந்தன.

செங்கமலத்துக்கு எழுதத் தெரியாது. அவர் மைப்பெட்டியைத் திறந்தார். அவள் கட்டைவிரலை மூடிக்கொண்டாள்.

"வேணாம்ணே. சோறு திங்கிற கை."

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. வாசலை அடைத்துக்கொண்டு போலீஸ் வேன் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் பேர் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சேலையை உதறிச் செருகிக்கொண்டு செங்கமலம் ஏறினாள். படியில் காலை வைத்த இளமதி திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லிருங்க பெரியப்பா. அழ வேணாம்னு சொல்லுங்க."

அவ்வளவுதான்.

மண்டபம் காலியானது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் எழுந்தார். காருக்குப் போகத்தான் எழுந்தார். கால் வேன் பக்கம் போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டார். பல வருஷம் கழித்து நெஞ்சில் ஏதோ இலேசானது போல இருந்தது.

"நானும் வாரேன். என் பேரையும் எழுதுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையான ஆள். ஆவுடையப்பனின் கையைக் கம்பியிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார்.

"அங்கிட்டு வேணாங்கய்யா. ஒங்க கார் இங்கிட்டு நிக்குது."

"நானும் இந்த ஊர்க்காரன்தான் சார். இவங்க பண்ண போராட்டம் நான் ஆரம்பிச்சது."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். இளமதி நகர்ந்து, அவருக்காகத் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஃபைலை வாங்கித் தாள்களைப் புரட்டினார். அடியில் இருந்த கடைசித் தாளை உருவி, வேனில் இருப்பவர்களுக்குத் தெரியாதபடி தாழ்த்திப் பிடித்துக் காட்டினார்.

"நீங்கதான் மத்தியானமே போட்டுட்டீங்களேய்யா."

அதே வாசகம், கீழே ஆவுடையப்பனின் கையெழுத்து. மாவட்டச் செயலாளர் பேனாவை நீட்டியதும், கட்சி அலுவலகத்தில் முதல் ஆளாகப் போட்டது.