பத்து மணி பைலா

"அந்தப் பொடியனை இனியும் விடேலாது," என்று மரக்கறிப் பையை மேசையில் போட்டார் இரத்தினசிங்கம்.

அவர் கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து வருகிற நேரமெல்லாம் இதே கூத்துத்தான். மேல்மாடி வீட்டில் ஆட்டம் போடவைக்கிற பைலா பாட்டு. கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு 'தும் தும்'.

"இளம்பிள்ளை, போட்டாப் போடட்டும்," என்றாள் மனைவி கௌரி, முகத்தைத் துவாயால் துடைத்தபடி.

"பாரும், அந்தச் சத்தத்திலயே உமக்கு வேர்த்துப்போச்சு!"

ஐந்து மாதத்துக்கு முன் கௌரிக்குப் பாரிசவாதம் வந்து இடது கை சோர்ந்துவிட்டது. சனிக்கிழமைகளில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் கிஷாந்த் முதல் நாளே சொல்லியிருந்தான்: "பாட்டுப் போட்டுச் செய்ய விடுங்கோ அங்கிள். பிடிச்ச பாட்டெண்டா கை தன்ரபாட்டில எழும்பும்."

பிடித்த பாட்டு! இரத்தினசிங்கம் இருபது வருடம் சங்கீத சபாவில் இருந்தவர். தனக்குப் பிடித்ததுதான் கௌரிக்கும் பிடிக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

புல்லாங்குழல் போட்டுப் பார்த்தார். தாளம் பற்றாது. நாதஸ்வரம் போட்டார். கலியாண வீடு மாதிரி இருந்தது. கடைசியில் ஹெவ்லொக் டவுனில் ஒரு பழைய சிநேகிதரிடம் நாலு தரம் நடந்து, அருமையான வீணைக் கச்சேரி இசைத்தட்டு ஒன்றை வாங்கி வந்தார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு அதைப் போட்டுவிட்டு, எதிரே இருந்து தொடையில் தாளம் போடுவார். "ம்... கையை உயர்த்தும் பாப்பம்."

கௌரி நாலு தரம் உயர்த்துவாள். ஐந்தாம் தரத்துக்குள் கண் மூடிவிடும்.

"ராகத்தில லயிச்சுப்போறா," என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டார்.

எப்படியோ, கை தேறத்தான் செய்தது. போன சனிக்கிழமை கிஷாந்த் அசந்துபோனான். "அன்ரி, தோள் மட்டுக்கு வந்திட்டுது! என்ன பாட்டு அங்கிள்?"

"வீணை தம்பி. சுத்தமான வீணை!"

கௌரி ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தாள்.

இவ்வளவு பாடுபட்டுத் தேற்றிய கையை ஒரு பைலா கெடுக்க விடலாமா? மரக்கறிப் பையை வைத்த கையோடு மேல்வீட்டு றலியாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"உங்கட மகன் அர்ஷாத்துக்குக் கொஞ்சம் சொல்லுங்கோ. கீழ ஒரு நோயாளி இருக்கிறா."

"மகனுக்கா..." என்று தொடங்கியது மறுமுனைக் குரல். பிறகு, "மன்னிச்சிக்கோங்க சேர். இனிப் போடல்ல," என்றாள் றலியா.

மறுநாள் தொடக்கம் மேல்வீடு அமைதியாகிவிட்டது.

"பாத்தீரோ? பண்பாச் சொன்னாச் சனம் கேக்கும்," என்று தேநீரை உறிஞ்சினார். கௌரி கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு வாரம் போனது. கிஷாந்த் கௌரியின் கையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தான். "என்ன அன்ரி, திரும்பவும் இறங்கிப்போச்சு? அங்கிள், வீணையை நிப்பாட்டிப்போட்டீங்களோ?"

"சீச்சீ! இப்ப காலமையும் பின்னேரமும் எல்லோ போடுறன்!"

அன்று மாலை கீழே லிஃப்ட் வாசலில், வெளியே போகக் கிளம்பிய றலியாவின் கணவர் ஸஹாப்தீனைக் கண்டார். பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொல்லலாமென்று நினைத்தார்.

"அர்ஷாத் நல்ல பிள்ளை. ஒருக்காச் சொன்னதும் பாட்டை நிப்பாட்டிட்டார்."

ஸஹாப்தீன் விழித்தார். "அர்ஷாத்தா? அவன் டோஹாவுக்குப் போய் ரெண்டு மாசமாகுதே சேர்."

"அப்ப உங்கட வீட்டில பைலா போட்டது ஆர்?"

"பைலாவா? நான் விடிஞ்சாக் கடைக்குப் போற ஆள். ஊட்டுல றலியா மட்டும்தான். அவக்குப் பாட்டுச் சத்தம் கேட்டாலே தலவலி வந்திடுமே!"

லிஃப்டில் ஏறிய இரத்தினசிங்கம் தன் மாடியில் இறங்கவில்லை; நேரே மேல்மாடிக்குப் போனார்.

கதவைத் திறந்த றலியா, அவர் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்தாள்.

"கோவிச்சிக்காதீங்க சேர். மகன் இங்க இருக்கக்குள்ள அவன்தான் தன்ட உடற்பயிற்சிக்குப் போடுவான். அவன் போன அடுத்த நாள் கௌரி அக்கா போன் எடுத்தா. 'ஏன் பாட்டு நிண்டுட்டுது, அதுக்குத்தான் என்ட கை எழும்புது'ன்னு கேட்டா. அதான் மகன்ட ஸ்பீக்கர நான் போட்டு உட்டேன்."

"தன்ர போனில போட்டுக் கேக்கலாமே?"

"அதுல அந்த 'தும் தும்' இல்லையாம். மேல இருந்து இறங்கி வந்தாத்தான் கைக்குக் கேக்குதாம்."

"உங்களுக்குத் தலையிடி எண்டு ஸஹாப்தீன் சொன்னாரே..."

"காதுல பஞ்சு வெச்சிக்கிட்டுச் சமைப்பேன். ஒரு மணித்தியாலம்தானே."

"அண்டைக்கு நான் போன் எடுக்கேக்க இதைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை?"

றலியா தயங்கினாள். "சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டா சேர். 'அந்த மனுசன் எனக்காக அலைஞ்சு திரிஞ்சு வீணை தேடிக்கொண்டு வந்தவர். தெரிஞ்சா நொந்துபோவார். அவர் சந்தைக்குப் போற நேரம் மட்டும் போடு'ன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்தார். துடைத்து முடிந்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு நான் சந்தைக்குப் போவன். முந்தியிலும் பாக்கச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே போடுங்கோ," என்றார். படி இறங்கப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் வந்ததை மட்டும் அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பிள்ளை. கை வீணையிலதான் சுகமாகுதெண்டு நான் இன்னும் நம்புறதாவே அவ நினைச்சுக்கொள்ளட்டும்."